புதைபடிவக் கடல் நத்தைக்குப் புதிய பேரினம் அமைப்பது எப்படி? வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டதால் ஒன்று கழிந்தது. புதைபடிவம் தேடுகிறவர்கள் அந்தக் காலி இடத்தில் 'நத்தை இல்லாத பாறை' என்று எழுதிக்கொள்ளலாம். கோட்டைச் சுவரில் இருப்பதும் சுற்றியுள்ள மலைகளில் தெரிவதும் கிரானைட், நைஸ், சார்னோகைட். பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய இந்தப் பாறைகளில் ஓடு எதுவும் தங்காது.

இருந்தாலும் வேலூர், ஆரணி, ராணிப்பேட்டை, ஆற்காடு என்று எங்கே உட்கார்ந்திருப்பவரும் இந்த வேலையைச் செய்யலாம். ஒரு புதிய பேரினத்தை அமைப்பதில் களத்தில் கழியும் நாட்கள் கொஞ்சம். மீதியெல்லாம் மேசை வேலை. மண்ணிலிருந்து கிடைப்பது ஒரு நத்தை ஓடுதான். அது புதிய பேரினம் என்பது மற்ற பேரினங்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் தெரியவரும்.

ஓடு எங்கே கிடைக்கும்

தமிழ்நாட்டில் கடல் நத்தைப் படிவங்களுக்குப் பெரிய களம் அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களில் பரவிய கிரிட்டேசியப் படிவுகள். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து, டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டு எல்லையையும் தாண்டி, கடல் அங்கே வந்து வந்து போயிருக்கிறது. காரை, கருடமங்கலம், கள்ளங்குறிச்சி, நிண்ணியூர் என்று ஊர்ப்பெயர்களே பாறை அடுக்குகளின் பெயர்களாகிவிட்டன. கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லை 'திருச்சிராப்பள்ளி மார்பிள்' என்று மெருகேற்றி அலங்காரப் பொருள் செய்தார்கள். அதில் பளபளக்கும் வெள்ளைச் சுருள்களில் பல நத்தைகளின் குறுக்குவெட்டுகள்தான். புதுச்சேரிக்குப் பக்கத்தில் வழுதாவூர்ப் பகுதியிலும் இதே காலத்துப் படிவுகள் உண்டு. நமக்கு அது இன்னும் கிட்டம்.

வேலூர் கன்டோன்மென்ட் நிலையத்தில் ரயில் ஏறி, திருவண்ணாமலை வழியாக விழுப்புரம். அங்கே மாறி விருத்தாசலம் வழியாக அரியலூர். போக நல்ல காலம் ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. வடகிழக்குப் பருவமழை காரைப் பக்கத்துக் களிமண் மேடுகளை அரித்துப் புதிய ஓடுகளை வெளியே தள்ளியிருக்கும், வெயிலும் இன்னும் கொளுத்தத் தொடங்கியிருக்காது. முதல் தடவை போகிறவர்கள் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் கண்ணுக்குப் பயிற்சி கிடைக்கும். நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று விசாரித்து அனுமதி வாங்குங்கள். சிமென்ட் ஆலைகளின் சுரங்கத்துக்குள் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் காலெடுத்து வைக்காதீர்கள்.

களத்தில் ஒரே ஒரு பழக்கம் முக்கியம். மேலே உருண்டு கிடந்த ஓட்டையும், அடுக்குக்குள்ளேயே பதிந்திருந்த ஓட்டையும் ஒரே பையில் போடக்கூடாது. உருண்டு கிடந்தது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதை நிரூபிக்க முடியாது. ஒவ்வொரு மாதிரிக்கும் ஜிபிஎஸ் புள்ளி, அடுக்கின் எண், பாறையின் வகை, தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டு பைக்குள்ளேயே இருக்கட்டும். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும். ஓட்டைச் சுற்றியிருந்த மண்ணிலும் இரண்டு கைப்பிடி எடுத்து வாருங்கள். அதிலுள்ள ஃபொராமினிஃபெரா போன்ற நுண்ணுயிர்ப் படிவங்களைக் கொண்டு பிற்பாடு வயதைச் சொல்லலாம். அந்த மண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு, கீழே வருகிறேன்.

சுத்தம் செய்யும்போது

வினிகரோ வேறு அமிலமோ வேண்டவே வேண்டாம். ஓடும் சுண்ணாம்பு, சுற்றியுள்ள பாறையும் சுண்ணாம்பு. இரண்டும் சேர்ந்தே கரையும். சிலிக்காவாக மாறிய ஓடுகளுக்குத்தான் அமிலம் சரிப்படும். பல் மருத்துவர் ஒதுக்கிப் போட்ட ஊசி, தையல் ஊசி, மென்மையான தூரிகை, பைனாகுலர் நுண்ணோக்கி, நிறையப் பொறுமை ஆகியவை போதும். ஓடு விரிந்து உதிர்ந்தால், அசிட்டோனில் கரைத்த பேரலாய்டு பி-72 பிசினை நீர்க்கத் தடவுங்கள். பிறகு தேவைப்பட்டால் அசிட்டோனாலேயே எடுத்துவிடலாம். கடையில் கிடைக்கும் உடனொட்டும் பசை ஒருமுறை ஊறிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

கிடைத்தது உள்வார்ப்பு மட்டும்தான், அதாவது ஓடு கரைந்துபோய் உள்ளே நிரம்பிய சேறு மட்டும் கல்லாகி நிற்கிறது என்றால், அதை வைத்துப் புதிய பேரினம் அமைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பழைய காலத்தில் அப்படி நிறையச் செய்தார்கள், இன்றுவரை அதன் சிக்கலை அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம். பாறையில் வெளிப்பக்க அச்சும் பதிந்திருந்தால் சிலிக்கோன் ரப்பர் ஊற்றி உருவம் எடுக்கலாம். அது நல்ல சான்று.

இது புதுசுதானா?

அதிகக் காலம் பிடிக்கும் இடம் இதுதான்.

முதலில் ஓட்டைப் பிடிக்கும் விதம். உச்சி மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி. வாய் உங்கள் வலப்பக்கம் விழுந்தால் வலச்சுருள், இடப்பக்கம் விழுந்தால் இடச்சுருள். பூஜையில் வைக்கும் வலம்புரிச் சங்கை இதே மாதிரி பிடித்துப் பாருங்கள், வாய் இடப்பக்கம் இருக்கும். அறிவியல் கட்டுரையில் அது இடச்சுருள்தான். ஊர்வழக்கில் எண்ணிக்கொண்டு எழுதினால் முதல் வரியிலேயே தவறு விழும்.

அடுத்தது எந்தப் பண்புகளைப் பார்ப்பது. ஓட்டின் உயரம், முள், முடிச்சு, விலாக்கோடுகளின் எண்ணிக்கை ஆகியவை கண்ணில் உடனே படும். ஆனால் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே இவை நிறைய மாறும். நம்பிக்கை வைக்க வேண்டியவை சற்று ஒளிந்திருக்கும்: உச்சியிலுள்ள கருவோடு, வளர்கோடுகளின் வளைவு, சுற்றுகள் சூழ்ந்திருக்கும் நடுத்தண்டில் உள்ள மடிப்புகள், வாயின் அடியில் நீளும் குழலின் வடிவம், ஓட்டின் அடிப்பக்கத்துத் தொப்புள்குழியும் அதை மூடும் தடிப்பும். எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும் ஒரே பட்டியல் கிடையாது. டரிடெல்லா வகைகளில் இளஞ்சுற்றுகளில் சுருள்வரிகள் எந்த வரிசையில் தோன்றுகின்றன என்பதும் வளர்கோடுகளின் வளைவும் பேசும். வொலூட்டா வகைகளில் நடுத்தண்டு மடிப்புகள், நாட்டிகா வகைகளில் தொப்புளின் தடிப்பு. நெரினியா வகைகளை வெளியே பார்த்தால் போதாது, நீளவாக்கில் வெட்டி உள்மடிப்புகளைப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மேல் மாதிரி இருந்தால் மட்டும் வெட்டுங்கள்.

கருவோடு என்பது முட்டைக்குள்ளும் லார்வாப் பருவத்திலும் உருவான பகுதி, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் பல சுற்றுகள் இருந்தால் லார்வா கடலில் மிதந்து இரை தின்று வளர்ந்தது என்று ஊகிக்கலாம். உருண்டையாக ஒன்றிரண்டு சுற்றுகளே இருந்தால் அப்படி வளரவில்லை. கருவோட்டின் சுருள் அச்சு மற்ற ஓட்டிலிருந்து திரும்பி நின்றால் நத்தையின் பெரும் பிரிவே மாறிவிடும், அது ஹெட்டரோபிராங்கியா பக்கம் போகும். இவ்வளவு சொல்லும் உறுப்பு, வளர்ந்த ஓடுகளில் அநேகமாக உடைந்தோ தேய்ந்தோ போயிருக்கும். அதற்குத்தான் அந்த இரண்டு கைப்பிடி மண். தண்ணீரில் ஊறவைத்து, அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, காய்ந்ததை நுண்ணோக்கியில் துழாவுங்கள். கருவோடு உடையாத குஞ்சு நத்தைகள் சிக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவை உங்கள் பெரிய ஓட்டின் குஞ்சுகளே என்பதை இடைப்பட்ட அளவுகளைக் கோத்துக் காட்ட வேண்டும்.

இப்போது ஒப்பீடு. புதியவர்கள் தங்கள் ஓட்டை அந்தப் பேரினத்தில் உள்ள ஏதோ ஒரு சிற்றினத்தோடு ஒப்பிட்டுவிட்டு 'வேறு மாதிரி இருக்கிறது, ஆகவே புதிய பேரினம்' என்று முடித்துவிடுவார்கள். பேரினத்தின் பெயர் அதன் மாதிரிச் சிற்றினத்தோடு, அதாவது அந்தப் பேரினத்துக்கு அடையாளமாகக் குறித்த ஒரே சிற்றினத்தோடு, கட்டப்பட்டது. டரிடெல்லா என்ற பெயரை லாமார்க் 1799-இல் வைத்தார். அதன் மாதிரிச் சிற்றினம் லின்னேயஸ் 1758-இல் டர்போ டெரிப்ரா என்று விவரித்த நத்தை. உங்களுடையது டரிடெல்லா அல்ல என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஒன்றோடுதான் ஒப்பிட வேண்டும். மற்றச் சிற்றினங்களில் பாதி, இடம் தெரியாமல் யாரோ அங்கே கொண்டுபோய் வைத்தவையாக இருக்கலாம். குடும்பத்தில் உள்ள ஒவ்வொரு பேரினத்துக்கும் மாதிரிச் சிற்றினம் எது என்று ஒரு அட்டவணை போடுங்கள். மெல்லுடலிகளின் பெயர்களைத் தொகுத்து வைத்திருக்கும் மொலஸ்காபேஸ் இணையதளத்தில் பெரும்பாலானவை கிடைக்கும். ஒவ்வொன்றின் மூல விவரிப்பையும் படத்தையும் தேடிப் படியுங்கள். இந்த அட்டவணை முடியும்போது கட்டுரையில் பாதி எழுதியாயிற்று.

நம் பகுதிக்கு அடிப்படை நூல் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்காவினுடையது. மொராவியாவில் பிறந்து இந்தியப் புவியியல் அளவாய்வுத் துறையில் வேலை பார்த்தவர். தென்னிந்தியக் கிரிட்டேசிய நத்தைகளை 1867-68-இல் தட்டுப்படங்களோடு விவரித்தார். அவருக்கு முன்பே 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் சிலவற்றுக்குப் பெயரிட்டிருந்தார். இந்த நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்டோலிஸ்கா தமக்குத் தெரிந்த ஐரோப்பியப் பேரினங்களுக்குள்ளேயே நம் நத்தைகள் பலவற்றை அடக்கினார். அவர் காலத்துக்கு அது சரி. ஆனால் அவற்றில் சில உண்மையில் வேறு பேரினங்கள். ஆகவே புதிய பேரினத்துக்குப் புதிய சிற்றினம் கட்டாயமில்லை. 150 ஆண்டுகளாகத் தவறான வீட்டில் குடியிருக்கும் பழைய சிற்றினம் ஒன்றையே மாதிரியாக வைத்துப் பேரினம் அமைக்கலாம். என்னைக் கேட்டால், தமிழ்நாட்டுப் படிவுகளில் ஒரு புதியவருக்கு மிக நல்ல வாய்ப்பு இதுதான். ஆனால் அதற்குக் கொல்கத்தாவில் அளவாய்வுத் துறையிடம் உள்ள அவருடைய மூல மாதிரிகளைப் பார்த்தாக வேண்டும். தட்டுப்படத்தை மட்டும் நம்பாதீர்கள். அக்காலத்து ஓவியர்கள் உடைந்த வாயை அழகாகப் பூர்த்தி செய்துவிடுவதுண்டு.

ஒப்பீட்டை இந்தியாவோடு நிறுத்தவும் கூடாது. மடகாஸ்கர், தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா என்று அந்தக் காலக் கடல்கள் தொடர்ந்து கிடந்தன. ஜெர்மானிய ஆய்வாளர் கிளவுஸ் பாண்டெல் 2000-இல் திருச்சிராப்பள்ளிக் குழு என்ற பாறை அடுக்குத் தொகுதியின் நத்தைகளை அமெரிக்க வளைகுடாக் கரையின் நத்தைகளோடு பொருத்திப் பார்த்து எழுதியிருக்கிறார். உங்கள் 'புதிய' பேரினத்துக்கு டெக்சாஸில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கக்கூடும்.

களிமண் அடுக்கில் நசுங்கிய ஓட்டில் கூம்பின் கோணம் மாறிப்போயிருக்கும். ஒரே ஓட்டில் அளந்ததைப் பண்பாக எழுத வேண்டாம். உயரம், அகலம், வாயின் உயரம், கோணம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வெர்னியர் காலிப்பரால் எல்லா மாதிரிகளிலும் எடுத்து அட்டவணையாகக் கொடுங்கள். ஒரே ஒரு ஓடுதான் இருக்கிறது என்றாலும் விதிப்படி தடையில்லை. ஆனால் கட்டுரையைச் சரிபார்க்கும் ஆய்விதழ் மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும்.

படம்

ஓட்டின் நிறம் கண்ணை ஏமாற்றும். அதனால் மெல்லிய வெள்ளைப் பூச்சு கொடுத்துப் படம் எடுப்பது வழக்கம். அதற்குப் பயன்படும் அம்மோனியம் குளோரைடு வேறொன்றுமில்லை, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம்தான். சூடாக்கும்போது வரும் புகை மூச்சுக்கு ஆகாது. கல்லூரி ஆய்வகத்தில் புகைபோக்கிப் பெட்டிக்குள் செய்யுங்கள், சமையலறையில் வேண்டாம். படம் முடிந்ததும் தண்ணீரால் கழுவி உலர்த்துங்கள். விட்டால் ஈரத்தை இழுத்து ஓட்டை அரிக்கும். வெளிச்சம் மேல் இடப்பக்கத்திலிருந்து வரட்டும், இது எல்லோரும் பின்பற்றும் மரபு. வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம், விளிம்பு, உச்சி என நான்கு கோணங்களும் அளவுகோலும் தேவை. கருவோட்டுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். அந்த வசதி வேலூரிலேயே பல்கலைக்கழக அளவில் இருப்பதால், துறைத் தலைவர் மூலம் கடிதம் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

பெயர் வைத்தல்

விலங்குப் பெயர்களுக்கு ஒரு பன்னாட்டு விதித்தொகுப்பு இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ள நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் செல்லும். முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

பேரினப் பெயர் லத்தீன் எழுத்தில், எழுவாய் ஒருமைப் பெயர்ச்சொல்லாக, விலங்குலகில் வேறு யாரும் எடுக்காததாக இருக்க வேண்டும். எக்கிட்னா என்ற பெயரை முன்பே ஃபார்ஸ்டர் ஒரு விலாங்கு வகை மீனுக்குக் கொடுத்துவிட்டதால், 1797-இல் குவியே அதே பெயரை முள்ளெறும்புண்ணிக்கு வைத்தது செல்லவில்லை. அது டாக்கிகிளாசஸ் ஆயிற்று. ஓர் எழுத்து வேறுபட்டாலும் போதும் என்கிறது விதி. ஸ்டோலிஸ்காவின் பெயரிலேயே இதைப் பார்க்கலாம். ஜெர்டன் 1870-இல் ஒரு பாம்புப் பேரினத்துக்கு ஸ்டோலிஸ்கியா என்றும், நொய்மாயர் 1875-இல் ஒரு அம்மோனைட்டுக்கு ஸ்டோலிஸ்காயியா என்றும் வைத்தார்கள். லத்தீனில் நடுவே ஒரு 'ஏ' எழுத்துதான் வித்தியாசம், இரண்டும் நிற்கின்றன. விதி இடம் கொடுக்கிறது என்பதற்காக நீங்களும் இப்படி உரசிக்கொண்டு வைக்க வேண்டாம், தேடுகிறவர்கள் திணறுவார்கள். செடிகளின் பெயரோடு மோதினால் கவலையில்லை, அவற்றுக்கு வேறு விதித்தொகுப்பு.

பேரினத்துக்குப் பால் உண்டு. ஆண்பால், பெண்பால், அலிப்பால் எது என்று கட்டுரையில் சொல்லிவிடுங்கள். சிற்றினப் பெயர் பெயரடையாக இருந்தால் அதற்கு இணங்க வேண்டும்: அரியலூரென்சிஸ் என்பது ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும், அரியலூரென்சே என்பது அலிப்பாலுக்கும். சொந்த ஊர்ப் பாசத்தில் வெல்லோரென்சிஸ் என்று வைக்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். வைக்கலாம், தடை ஒன்றுமில்லை. ஆனால் நூறு வருடம் கழித்து யாராவது ஒருவர் சுத்தியலோடு வந்து வேலூர் மலையில் நத்தை தேடுவார்.

1930-க்குப் பிறகு வெளியான பேரினப் பெயருக்கு வேறுபடுத்தும் பண்புகளை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், மாதிரிச் சிற்றினத்தையும் குறிப்பிட்டிருக்க வேண்டும். இதில் ஒன்று விட்டாலும் பெயர் செல்லாது. 1999-க்குப் பிறகு 'புதிய பேரினம்' என்ற அறிவிப்பும் வெளிப்படையாக இருக்க வேண்டும். கூடவே புதிய சிற்றினமும் இருந்தால் ஹோலோடைப் (சிற்றினத்தின் பெயரைத் தாங்கும் ஒற்றை மாதிரி) எது, எந்த நிறுவனத்தில் வைக்கப்படும் என்பதையும் எழுத வேண்டும்.

எழுதும் முறை

வரிசை ஏறத்தாழ நிலையானது: வகுப்பு, குடும்பம், பேரினத்தின் பெயர், மாதிரிச் சிற்றினம், பெயர்க்காரணம், பண்புச்சுருக்கம் (மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் பண்புகள் மட்டும்), அடங்கும் சிற்றினங்கள், காலமும் பரவலும், ஒப்பீட்டுக் குறிப்பு. அதன்கீழ் சிற்றினம்: ஹோலோடைப், மற்ற மாதிரிகள், இடம், அடுக்கு, விரிவான விவரிப்பு, அளவுகள்.

தடுமாற்றம் பண்புச்சுருக்கத்தில்தான் வரும். அதை விவரிப்பின் சின்னப் பிரதியாக எழுதிவிடுகிறார்கள். 'ஓடு நடுத்தர அளவு, கூம்பு வடிவம், சுருள்வரிகள் உண்டு, வாய் முட்டை வடிவம்' என்று எழுதினால் ஆயிரம் நத்தைகளுக்குப் பொருந்தும். கற்பனையாக ஒன்று சொல்கிறேன்: 'நடுத்தண்டில் இரண்டு சரிந்த மடிப்புகள், மேல்மடிப்பு வலியது, வளர்கோடுகள் தையலுக்கு (சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும் கோட்டுக்கு) கீழே ஆழமாகப் பின்வளைந்தவை, கருவோடு மூன்று சுற்றுக்கு மேல், வழவழப்பு, தொப்புள்குழி இல்லை.' வினைமுற்று தேவையில்லை, ஒவ்வொரு துண்டும் யாரோ ஒரு பக்கத்து வீட்டுப் பேரினத்தை வெளியே நிறுத்த வேண்டும். எந்தப் பண்பு எந்தப் பேரினத்தை விலக்குகிறது என்பதை ஒப்பீட்டுக் குறிப்பில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். விலக்காத பண்பைச் சுருக்கத்திலிருந்து எடுத்து விவரிப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆய்விதழ்கள் ஆங்கிலத்தைத்தான் கேட்கும். ஆனால் விதித்தொகுப்பு மொழிக்குத் தடை போடவில்லை; பண்புச்சுருக்கத்தை அந்த உயிரினத்தோடு தொடர்புள்ள பகுதியின் மொழியிலும் தருமாறு பரிந்துரையே செய்கிறது. ஆகவே தமிழ்ச் சுருக்கம் ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள்.

வெளியிடும் முன்னும் பின்னும்

இதழ் வெளிவரும்வரை பெயரை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். முகநூலில் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம், கருத்தரங்கச் சுருக்கத்திலும் வேண்டாம். ஆய்வேட்டில் எழுத நேர்ந்தால் 'பேரினம் அ' என்று போடுங்கள். விவரிப்பு இல்லாமல் வெளியே கசிந்த பெயர் செல்லுபடியாகாத வெற்றுப் பெயராக அலையும், யாராவது முந்திக்கொள்ளவும் கூடும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போட்டுவிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களைத் தொடாதீர்கள். அங்கே வந்த பெயரும் விதிப்படி செல்லும் என்பதுதான் தொல்லை. அரைகுறை விவரிப்பு நிரந்தரமாக உங்கள் பெயரோடு நிற்கும்.

மின்னிதழில் மட்டும் வெளிவருவதானால், 2012-இல் செய்த திருத்தத்தின்படி, கட்டுரையை முன்கூட்டியே விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்க்கில் பதிந்திருக்க வேண்டும், பதிவுச் சான்றும் வெளியீட்டுத் தேதியும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். இதழ் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல் நீங்களே சரிபாருங்கள்.

ஹோலோடைப்பை வீட்டு அலமாரியில் வைத்திருக்கக்கூடாது. நிரந்தரச் சேகரிப்பு உள்ள, கேட்டவருக்குக் காட்டும் நிறுவனமாக இருக்க வேண்டும். பதிவெண் கட்டுரையில் வர வேண்டும் என்பதால் அனுப்புவதற்கு முன்பே எண்ணை வாங்கிவிடுங்கள். ஓட்டின் ஓரத்தில் பேரலாய்டு ஒரு பொட்டு தடவி, காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு மையால் எண்ணை எழுதி, மேலே இன்னொரு பொட்டு வையுங்கள்.

அச்சுப்படி வரும்போது பேரினப் பெயர் வரும் ஒவ்வோர் இடத்தையும், தலைப்பு, சுருக்கம், படக்குறிப்பு எல்லாவற்றையும், எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படியுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக அச்சாகிவிட்டால், எது சரி என்று பின்னால் வேறொருவர் எழுதித் தீர்க்க வேண்டியிருக்கும்.